பெட்டி பாடக் கூடாது
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இன்வெர்ட்டர் பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே, "பாட்டுக் கேட்க ஹோம் தியேட்டர் எதற்கு, ஒரு ஜோடி நல்ல மரப்பெட்டி ஸ்பீக்கர் போதுமே" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். இந்த மாதத் தபாலில் பாதி அதைப் பற்றித்தான். மிக்ஸி, ஃபேன், மோட்டார் கேள்விகள் அடுத்த இதழில். இந்த முறை ஸ்பீக்கர் மட்டும்.

மகனோடு பெங்களூரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு ஜோடி மரப்பெட்டி ஸ்பீக்கருக்கு நான்கு லட்சம் ரூபாய் சொன்னார்கள். அந்தக் காசுக்கு வீடு முழுக்கத் தேக்குக் கதவு போடலாம். மரத்துக்கா இவ்வளவு விலை?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாலக்கோடு

மரத்துக்கு இல்லை ஐயா. ஆனால் பெட்டிக்கு உண்டு. இரண்டும் வேறு வேறு.

வீட்டில் பழைய ஸ்பீக்கர் இருந்தால் யூனிட்டை, அதாவது பெட்டியில் பொருத்தியிருக்கும் சத்தம் எழுப்புகிற வட்டமான பாகத்தை, மட்டும் கழற்றி மேஜை மேல் நிறுத்திப் பாடவிட்டுப் பாருங்கள். கீச்சென்று கேட்கும். பாஸ், அதாவது கனத்த கீழ்ச் சுரம், என்பதே இருக்காது. யூனிட்டின் கூம்பு வடிவ முகத்துக்குக் கோன் என்று பெயர். கோன் முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மேல் சுரங்களுக்கு அலை குறுகியது, அதனால் தப்பிக்கிறது. 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 அதிர்வில், ஓர் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அது ஆறங்குல யூனிட்டைச் சுற்றி வருவது ஒரு வேலையே இல்லை. இப்போது ஒரு பெரிய பிளைவுட் பலகையில் வட்டமாக வெட்டி அந்த யூனிட்டைப் பொருத்துங்கள். பாஸ் வந்துவிடும். என் பட்டறைக்கு வருகிற பாலிடெக்னிக் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். காட்டாமல் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பேர் 1925-ல் இன்றைய மாதிரி ஸ்பீக்கரை எழுதிக் காட்டினார்கள். காந்தம், அதன் இடுக்கில் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய கோன். ஷேர் ஆட்டோவில் கத்துகிற ஸ்பீக்கரும் நீங்கள் பார்த்த நான்கு லட்சமும் இன்றைக்கும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. நூறு வருடமாக மாறியதெல்லாம் கோன் எந்தப் பொருள், காந்தம் எவ்வளவு வலு, பின்னால் வரும் சத்தத்தை எப்படி அடக்குவது என்பவைதான்.

அந்த அடக்குகிற வேலை பெட்டியுடையது. ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன், நீங்கள் வாத்தியார் என்பதால் ரசிப்பீர்கள். ஆறரை அங்குல யூனிட்டின் கோன் பரப்பு ஏறக்குறைய 135 சதுர சென்டிமீட்டர். அது உட்கார்ந்திருக்கும் பெட்டி 35 செ.மீ. உயரம், 20 அகலம், 28 ஆழம் என்றால் ஆறு பக்கமும் சேர்த்து 4,480 சதுர சென்டிமீட்டர். முப்பத்து மூன்று மடங்கு. அதாவது கோன் அசைகிற அசைவில் முப்பதில் ஒரு பங்கு அந்தச் சுவர்கள் ஒன்றாகச் சேர்ந்து அசைந்தாலே போதும், பெட்டியும் கோன் அளவுக்குச் சத்தம் போட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தம் பாட்டில் இல்லாத சத்தம். எல்லாப் பாட்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி 'ம்ம்' என்று வரும். மலிவான பெட்டியில் எல்லாப் பாடகருக்கும் ஒரே சளி பிடித்திருப்பது இதனால்தான்.

அதைத் தடுக்கத்தான் உள்ளே குறுக்குச் சட்டங்கள், கனமான பலகை, இரண்டு அடுக்குக்கு நடுவே ரப்பர் மாதிரி ஒரு பசை, வளைந்த பக்கச் சுவர் என்று என்னென்னவோ செய்கிறார்கள். அப்புறம் ஜோடி சேர்ப்பது. இடது வலது இரண்டின் யூனிட்டுகளையும் அளந்து ஒத்துப்போகிறவற்றைத்தான் ஒரே ஜோடியில் போடுவார்கள். மேலே ஒட்டும் மெல்லிய மரத்தோல், அதாவது வெனீர், அதையும் இரண்டு பெட்டிக்கும் அடுத்தடுத்த தகடாக எடுத்து ரேகை ஒத்துப்போகும்படி ஒட்டுவார்கள். காதுக்கு இதனால் ஒரு பைசா லாபம் இல்லை; கண்ணுக்கு உண்டு. கப்பல் செலவு, வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதன் மேல்.

என் கணிப்பைக் கேட்டால், ஒரு எல்லைக்கு மேல் நீங்கள் கொடுப்பது தச்சு வேலைக்கும் பாலிஷுக்கும்தான். அது தப்பில்லை. பட்டுப்புடவையை உடம்பு மூட மட்டுமா வாங்குகிறோம்?

எங்கள் தோப்பில் காற்றுக்கு ஒரு பழைய மாமரம் சாய்ந்துவிட்டது. வீட்டில் இடித்த பழைய தேக்கு உத்தரமும் கிடக்கிறது. வீணையையும் மிருதங்கத்தையும் பலா மரத்தில் செய்கிறார்கள். அதுபோல நல்ல மரத்தை முழுசாகக் கடைந்து ஸ்பீக்கர் பெட்டி செய்தால் நாதம் இனிமையாக வருமா? ஈட்டி மரம் இன்னும் உசத்தி என்கிறார் எங்கள் ஆசாரி.
– மா விவசாயி, காவேரிப்பட்டணம்

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தபாலில் மட்டுமே ஐந்தாறு பேர். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வீணையின் குடம் பாட வேண்டும். தந்தி மட்டும் அதிர்ந்தால் பக்கத்து அறைக்குக் கேட்காது. பலாக் குடம் அந்த அதிர்வை வாங்கித் தன் குணத்தையும் சேர்த்து வெளியே விடுகிறது. அந்தக் குணத்துக்குத்தான் காசு. ஸ்பீக்கரில் வரப்போகிற வீணை ஏற்கெனவே பாடி முடித்து, பதிவாகி வருகிற வீணை. அதன் குடத்தின் குணம் பதிவிலேயே இருக்கிறது. அதன் மேல் உங்கள் மாமரமும் தன் குணத்தைச் சேர்த்தால் கேட்கிறது இரண்டு குடம் வைத்த வீணை. அடுத்த பாட்டில் நாதஸ்வரம் வந்தால் அதற்கும் அதே குடம். ஸ்பீக்கர் பெட்டி பாடக் கூடாது. வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

இத்தாலிக்காரர்கள் வீணை மாதிரி, லூட் என்ற தந்தி வாத்தியம் மாதிரி வளைந்த பெட்டியெல்லாம் செய்கிறார்களே என்பீர்கள். சோனஸ் ஃபேபர் என்ற கம்பெனி, வயலின் செய்த குவார்னேரி குடும்பத்தின் பெயரையே ஒரு ஸ்பீக்கருக்கு வைத்தது. அழகுக்கு அழகு, ஆனால் அந்த வளைவுக்கு வேறு வேலையும் உண்டு. நேரான இரண்டு சுவர் எதிரெதிராக நின்றால் நடுவில் அலை மாட்டிக்கொண்டு ஒரே சுரத்தில் திரும்பத் திரும்ப மோதும். வளைந்த சுவரில் அது சிதறும். வளைந்த பலகை தட்டையான பலகையைவிட விறைப்பாகவும் நிற்கும். ஆக, வாத்தியம் மாதிரி தெரிகிற அந்தப் பெட்டியின் வளைவும் அதிர்வைக் குறைக்கத்தான் உதவுகிறது.

அடுத்தது நம் ஊர் வெயில். முழு மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், விரியும். தேக்கு இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. அதுவே ஒரு அடி அகலப் பலகையில் ஏப்ரல் மேக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகரும். ஜன்னல் கதவு மழைக்காலத்தில் சாத்த மாட்டேன் என்று அடம்பிடிப்பது எல்லா வீட்டிலும் உண்டு. ஜன்னலை இழைத்துவிட்டால் ஆயிற்று. காற்றுப் புகாமல் ஆறு பக்கமும் ஒட்டிய பெட்டியில் பலகை நகர்ந்தால் மூலை பிளக்கும். ஒரு நூல் பிளவு போதும், பாஸ் அடிக்கும்போது 'புஸ்' என்று மூச்சு விடும். மாமரம் இன்னும் மோசம்: சரியாகப் பதப்படுத்தாவிட்டால் வண்டு துளைக்கும், ஈரமிருந்தால் நீலம் பாரிக்கும்.

அதனால்தான் உலகம் முழுக்க எம்.டி.எஃப். பலகைக்குப் போனார்கள். மரத்தை நாராக்கிப் பசையோடு அழுத்திச் செய்தது. ஒரு கன மீட்டர் 700 முதல் 750 கிலோ வரை. ரேகை என்பதே இல்லாததால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அதற்கு ஒரே எதிரி தண்ணீர். வீடு துடைக்கிற ஈரத்துணி அடிப்பாகத்தில் தினம் பட்டால் ஊறி உப்பிவிடும். அறுக்கும்போது வருகிற தூசு மூக்குக்கு ஆகாது. ஆசாரிக்கு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

கனமான பலகைதான் ஒரே வழி என்றும் நினைக்க வேண்டாம். 1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் வைக்க ஒரு சின்ன ஸ்பீக்கர் செய்தது. எல்.எஸ். 3/5ஏ என்று பெயர்; ஒரு அடி உயரம், உள்ளே ஐந்து லிட்டர் இடம். அதற்கு 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்தான் போட்டார்கள். மெல்லிய சுவர், உள்பக்கம் தார் கலந்த தகடு. அவர்கள் யோசனை என்னவென்றால், தடித்த சுவரும் அதிரத்தான் செய்யும், ஆனால் காது கூர்மையாக இருக்கிற நடு சுரங்களில் அதிரும். மெல்லிய சுவரைத் தார் பூசி மந்தமாக்கினால் அதிர்வு கீழே இறங்கி, சீக்கிரம் செத்தும்விடும். பேச்சுக் குரல் அதில் அவ்வளவு இயல்பாக வரும். ஐம்பது வருடமாகப் பல கம்பெனிகள் அதையே திரும்பத் திரும்பச் செய்து விற்கின்றன. எனக்கு எம்.டி.எஃப். மூட்டையைவிட இந்த வழிதான் பிடிக்கும். தூக்கி வைக்க இடுப்பும் தப்பிக்கும்.

ஈட்டி மரத்தை மறந்துவிடுங்கள். அதைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்பதைக்கூட இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது என்றது அது. அந்த நிறமும் ரேகையும்தான் வேண்டுமென்றால் பிளைவுட் மேல் வெனீராக ஒட்டிக்கொள்ளலாம். தேக்கு உத்தரத்தை வீணாக்க வேண்டாம், அதை அறுத்து ஸ்பீக்கருக்கு ஸ்டாண்டு செய்யுங்கள். ஸ்டாண்டின் கால் கொஞ்சம் சுருங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஓசூரில் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். அறை 10-க்கு 12, உயரமும் 10 அடி. ஒன்றரை லட்சம் போட்டு, ஆளுயர டவர் ஸ்பீக்கர் வாங்கினேன். கடையில் அருமையாக இருந்தது. வீட்டில் கும் கும் என்கிறது. கீழ் வீட்டுக்காரரும் கோபமாக இருக்கிறார்.
– தொழிற்சாலைப் பொறியாளர், ஓசூர்

ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. உங்கள் அறைக்கு 10 அடி அகலம், 10 அடி உயரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது கும். எதிரெதிர்ச் சுவர் இரண்டுக்கு நடுவே பாதி அலை சரியாக அடங்கும் சுரத்தில் அறை ஒத்து அதிரும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 10 அடிக்கு அது 56 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும், 12 அடிக்கு 47. உங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 56-ல் இரண்டு ஒத்த அதிர்வு ஒரே இடத்தில் விழுகிறது. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை சேர்ந்து பாடும். இதற்குமேல் ஸ்பீக்கரை மூலையில் வைத்திருப்பீர்கள், இல்லையா? மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பாஸைத் தூக்கிக் கொடுக்கும்.

முதலில் செலவில்லாதது. ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னால் இழுங்கள். பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் ஒரே தூரம் வைக்க வேண்டாம். நீங்கள் உட்காரும் நாற்காலியைப் பின்சுவரில் ஒட்டிப் போடாதீர்கள், அங்கேதான் கும் அதிகம். அறையின் நட்டநடுவும் ஆகாது, அங்கே பாஸ் காணாமல் போகும். இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்கள் தலைக்கும் ஏறக்குறைய சம முக்கோணம் வரட்டும். மேல் சுரம் பாடுகிற சின்ன யூனிட்டான ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும்.

அப்புறம் அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். 'ட்ரிங்' என்று வால் நீண்டால் டைல்ஸும் மொட்டைச் சுவரும்தான் காரணம். தடித்த திரை, ஒரு ஜமக்காளம், புத்தகம் நிரம்பிய அலமாரி, பஞ்சு மெத்தை போட்ட கட்டில். இவை மேல் சுரத்தை அடக்கும். பாஸை இவற்றால் அடக்க முடியாது, அதற்கு இடம் மாற்றுவதுதான் வழி. கடைகளில் கிடைக்கிற முட்டை அட்டை மாதிரியான ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டாதீர்கள். கும் அப்படியே இருக்கும், பாட்டு மட்டும் செத்துப்போகும்.

கீழ் வீட்டுக்காரருக்கு: ஸ்பீக்கர் தரையைத் தொட்டு உதைப்பதைக் குறைக்க வேண்டும். நீங்கள் இருக்கிற மாவட்டம் கிரானைட் மாவட்டம். பர்கூர் பக்கம் கல் அறுக்கிற பட்டறைகளில் ஓரத் துண்டுகள் கிடக்கும். ஒரு அடிக்கு ஒரு அடி, 2 செ.மீ. கனத்தில் வெட்டினால் ஒரு துண்டு 5 கிலோ வரும். அதன் கீழே நான்கு மூலையிலும் கெட்டியான ரப்பர், மேலே ஸ்பீக்கர். வெளிநாட்டில் இதையே பெயர் போட்டுப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். இதனால் தரை வழியாகப் போகிற உதை குறையும். காற்று வழியாகப் போகிற பாஸுக்கு வால்யூமைத்தான் குறைக்க வேண்டும். இரவு பத்துக்கு மேல் அவர் சொல்வதுதான் நியாயம்.

இத்தனையும் செய்தும் ஆகவில்லையென்றால் டவரை விற்றுவிட்டு ஐந்து, ஆறங்குல யூனிட் உள்ள சின்னப் பெட்டிக்கு மாறுங்கள். 120 சதுர அடிக்கு அது தாராளம். பெரியது வாங்கச் சொன்ன கடைக்காரர் உங்கள் அறையின் அளவைக் கேட்டாரா என்று யோசித்துப் பாருங்கள்.

நான் மைக் செட் வைத்திருக்கிறேன். என் 15 அங்குலப் பெட்டி ஒரு வாட்டுக்கு 98 டெசிபல். நீங்கள் புகழ்கிற வீட்டு ஸ்பீக்கர் 84-தான் என்று அட்டையில் போட்டிருக்கிறது. நம்மதுதானே உசத்தி?
– ஒலி-ஒளி அமைப்பாளர், பென்னாகரம்

சத்தத்தில் உங்களுடையதுதான் உசத்தி, சந்தேகமே இல்லை. 14 டெசிபல் வித்தியாசம் என்றால் பவரில் 25 மடங்கு. நீங்கள் 4 வாட்டில் எழுப்புகிற சத்தத்துக்கு அந்தச் சின்னப் பெட்டிக்கு 100 வாட் வேண்டும். தெருக்கூத்துக்கு அதைக் கொண்டுபோய் வைத்தால் கட்டியங்காரன் வருவதற்குள் சுருள் கருகிவிடும்.

ஹாஃப்மன் என்று ஓர் அமெரிக்கர் ஒரு விதி சொன்னார். ஆழமான பாஸ், சின்னப் பெட்டி, குறைந்த பவரில் அதிக சத்தம். இந்த மூன்றில் எதையாவது இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் சத்தத்தை எடுத்தீர்கள். பெட்டி பெரிதாகியும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் அவ்வளவாக எதுவும் இருக்காது. வீட்டு ஸ்பீக்கர் சத்தத்தை விட்டுவிட்டது. அதற்கு வழி காட்டியவர் எட்கர் வில்சர். 1954-ல் அவர் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கோனுக்கு ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். பீரோ அளவு பெட்டியில் வந்த பாஸ் ஒரு ஆள் தூக்குகிற பெட்டியில் வந்தது, ஆம்ப்ளிஃபயருக்குத்தான், அதாவது ஆம்புக்குத்தான், செலவு கூடியது.

ஒரு விஷயத்தில் உங்கள் ஆட்கள் வீட்டுக்காரர்களைவிடத் தெளிவு. ஆம்ப் திணறும்போது நிறுத்திவிடுவீர்கள். வீட்டில் சின்ன ஆம்பை முழுக்கத் திருகி வைத்துவிட்டு ட்வீட்டர் போய்விட்டது என்று வருவார்கள். அலையின் தலை வெட்டுப்பட்டால் அந்த வெட்டில் பிறக்கிற மேல் சுரங்கள் ட்வீட்டருக்குத்தான் போகும். பவர் அதிகம் என்பதால் எரிகிற ட்வீட்டரைவிட, ஆம்ப் போதாமல் எரிகிற ட்வீட்டர்தான் என் மேஜைக்கு அதிகம் வருகிறது.

மாமனார் வைத்திருந்த பழைய ஜோடி ஸ்பீக்கர் பரண் மேல் இருந்தது. மரம் அப்படியே இருக்கிறது. ஆனால் பெரிய ஸ்பீக்கரின் ஓரத்தில் இருக்கும் வளையம் தொட்டால் கருப்புப் பிசினாக உதிர்கிறது. ஒரு கடையில் "இதெல்லாம் தேறாதும்மா, எடைக்குப் போடுங்க, புதுசு தர்றேன்" என்றார்கள். போட்டுவிடலாமா?
– ஆசிரியை, ஊத்தங்கரை

போடாதீர்கள் அம்மா. போடவே போடாதீர்கள்.

உதிர்வது ஃபோம் வளையம். கோனைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற பஞ்சு மாதிரியான பொருள். நம் உஷ்ணத்திலும் ஈரத்திலும் பதினைந்து இருபது வருடத்தில் அது மட்கிவிடும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். அது மட்டும்தான் மட்கும். கோன், சுருள், காந்தம் நன்றாக இருக்க வாய்ப்பு நிறைய. ரப்பர் வளையமோ துணி வளையமோ உள்ள ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை குறைவு.

சோதிக்க வழி சொல்கிறேன். இரண்டு கையின் விரல்களையும் கோனின் இரு பக்கம் வைத்து மெல்ல, நேராக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் சுருள் இடிக்கவில்லை. 'சரக் சரக்' என்றால் கோன் சாய்ந்திருக்கிறது, அல்லது சுருள் வீங்கியிருக்கிறது. அடுத்து, கடிகாரத்தில் போடுகிற ஒன்றரை வோல்ட் செல்லை எடுத்து யூனிட்டின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொடுங்கள். 'டக்' என்று கோன் அசைந்தால் உயிர் இருக்கிறது. ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம்.

உயிர் இருந்தால் அதே அளவு வளையம் வாங்கி மாற்றிவிடலாம். விலை கொஞ்சம்தான், கூலிதான் நேரத்துக்குத் தகுந்தபடி. பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுப்பது, புது வளையம் காயும்வரை சுருள் நடுவிலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்வது, இரண்டிலும் பொறுமை வேண்டும். அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள். 'கோனையே மாத்திடலாம்' என்று ஒருவர் சொன்னால் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள். கோன் மாறினால் எடை மாறும், எடை மாறினால் அந்தப் பெட்டிக்கு அது வேறு யூனிட்.

பின்பக்கம் திறந்தால் உள்ளே கிராஸ் ஓவர் இருக்கும். பாஸை ஊஃபருக்கும் மேல் சுரத்தை ட்வீட்டருக்கும் பிரிக்கிற சின்ன போர்டு. அதில் உள்ள எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் இத்தனை வருடத்தில் காய்ந்திருக்கும். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், நான்-போலார் வகையில் மாற்றச் சொல்லுங்கள். மதிப்பைக் கூட்டிப் போட்டால் நல்லது என்று சொல்வார்கள், நல்லதில்லை.

பெட்டியின் அடிப்பலகையைக் கரையானுக்காகத் தட்டிப் பாருங்கள். மேலே வார்னிஷ் பளபளக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அப்படியில்லையென்றால் ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மெல்லிசாக மெழுகு பாலிஷ் போதும். அந்தக் காலத்து வெனீர் மேல் உப்புத்தாள் போட விடாதீர்கள். தாளைவிடச் சற்றுத் தடித்த மரம் அது, இரண்டு தேய்ப்பில் கீழே இருக்கிற பலகை தெரிந்துவிடும்.

ஸ்பீக்கர் கேபிள் மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, தேவையா?
– மாணவர், தர்மபுரி

தேவையில்லை. வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் எடுங்கள். 3 மீட்டர் தூரத்துக்குப் போக வர மொத்த மின்தடை 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மிச்சக் காசுக்குத் திரை வாங்குங்கள்.

கடையில் வாங்காமல் நாங்களே யூனிட் வாங்கி, ஊர் ஆசாரியிடம் பெட்டி செய்துகொள்ளலாமா? உள்ளே இலவம் பஞ்சு திணிக்கலாமா?
– மொரப்பூரிலிருந்தும் பர்கூரிலிருந்தும் இரண்டு வாசகர்கள்

செய்யலாம். எனக்கு இதுதான் சந்தோஷமான வேலை. ஆனால் பெட்டியின் அளவை ஆசாரியிடம் விட்டுவிடாதீர்கள். அவர் பீரோவுக்கு எது லட்சணமோ அதைச் செய்வார். உள்ளே எத்தனை லிட்டர் என்பதை யூனிட்தான் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் இதைக் கணக்காக்கிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல யூனிட்டோடு வருகிற தாளில் அந்த எண்கள் இருக்கும். தாள் இல்லாத யூனிட்டைப் பெட்டி செய்ய வாங்காதீர்கள். எண்களைப் போட்டால் லிட்டர் சொல்கிற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கிராஸ் ஓவரை மட்டும் குத்துமதிப்பாகச் செய்யவே கூடாது, யாராவது அளந்து வெளியிட்ட டிசைனை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

18 மில்லிமீட்டர் நல்ல பிளைவுட் போதும். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், ஆனால் சரிபாதியில் வேண்டாம், கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளி இருக்கட்டும். சரிபாதியில் வைத்தால் இரண்டு துண்டும் ஒரே சுரத்தில் அதிரும். மூலைகளில் உள்பக்கமாகக் கட்டை ஒட்டி, ஒட்டின இடமெல்லாம் பசை தடவி இடுக்கை அடைத்துவிடுங்கள். ஆணி மட்டும் அடித்துவிட்டுப் போகிற ஆசாரியிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கும். முடித்ததும் விரல் முட்டியால் பக்கங்களைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று உடனே நின்றால் சரி, 'டொம்ம்' என்று இழுத்தால் இன்னொரு சட்டம்.

இலவம் பஞ்சு வேண்டாம். நாளாவட்டத்தில் அமுங்கி அடியில் உட்கார்ந்துவிடும், எலிக்கும் பிடிக்கும். தலையணையில் போடுகிற பாலியெஸ்டர் பஞ்சு கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். தளர்வாகப் பிரித்துப் போடுங்கள். மூடிய பெட்டியில் அது இருந்தால் உள்ளே இடம் கொஞ்சம் கூடியது போல ஸ்பீக்கர் நடந்துகொள்ளும். துளை வைத்த பெட்டியென்றால் துளையின் வாயை அடைக்காமல், சுவரோரம் மட்டும்.

வாங்கும் முன் கடையில் எந்தப் பாட்டைப் போட்டுச் சோதிப்பது? எனக்கு இளையராஜாவும் நாதஸ்வரமும் மட்டும்தான் கேட்கத் தெரியும்.
– மளிகை வியாபாரி, அரூர்

அது போதும், அதற்குமேல் வேண்டியதில்லை. கடைக்காரர் போடுகிற டெமோ பாட்டை மட்டும் கேட்காதீர்கள். எந்த ஸ்பீக்கரும் அதில் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் மனப்பாடமாகக் கேட்ட பாட்டைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததை அல்ல.

முதலில் பாட்டே வேண்டாம். ஓர் ஆண் குரல் செய்தி வாசிப்பதையோ பேசுவதையோ போடச் சொல்லுங்கள். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று உங்கள் காதுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தால் பெட்டி பாடுகிறது. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், ஆள் அங்கே நிற்பது போல வர வேண்டும். அங்கங்கே மிதந்தால் ஒரு பக்கத்து வயர் மாற்றி மாட்டியிருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் நாதஸ்வரமும் தவிலும். நாதஸ்வரம் காதைக் குத்தத்தான் செய்யும், அது அதன் குணம். குத்தாமல் மெத்தென்று வந்தால் ஸ்பீக்கர் எதையோ மறைக்கிறது. அரை மணி நேரம் கேட்டும் காது சலிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். தவிலில் வலது பக்கத்து அடி தனித்தனியாக எண்ணும்படி விழ வேண்டும், இடது பக்கத்தின் கும்மென்ற சத்தம் அதன்மேல் ஏறிவிடக் கூடாது.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஆம்பைப் பாருங்கள். 'லவுட்னஸ்' பொத்தான் அழுத்தியிருந்தால் அணைக்கச் சொல்லுங்கள், பாஸும் ட்ரெபிளும் நடுவில் நிற்கட்டும். இரண்டு ஜோடியை ஒப்பிட்டால் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாகப் பாடுகிற ஜோடிதான் நல்ல ஜோடி என்று காது ஏமாறும், விற்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.